கையால் தைத்த குடும்பப் போர்வைக்கு மர ஸ்டாண்டு செய்யும் முறை

மரம் வாங்கும் முன் போர்வையை விரித்து அளந்துகொள்ளுங்கள். ஸ்டாண்டின் எல்லா அளவும் அதிலிருந்துதான் வர வேண்டும். பலகை பிசகினால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தையலை மறுபடி வாங்க முடியாது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 200 × 230 செ.மீ. அளவுள்ள, பஞ்சு வைத்துத் தைத்த பருத்திக் குயில்ட். அகலத்தை மூன்றாக மடித்தால் 67 செ.மீ., நீளத்தை இரண்டாக மடித்தால் 115 செ.மீ. மடித்த அகலத்தோடு 17 செ.மீ. கூட்டினால் ஸ்டாண்டின் உள்ளகலம் கிடைக்கும். இங்கே அது 84 செ.மீ. இருபுறமும் எட்டரை செ.மீ. இடைவெளி இருந்தால்தான் போர்வையைப் போடும்போதும் எடுக்கும்போதும் ஓரத் தையல் மரத்தில் உரசாது. உங்கள் போர்வை வேறு அளவு என்றால் இந்த உள்ளகலத்தை மட்டும் மாற்றுங்கள். மற்ற அளவுகள் பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

போர்வையின் உடல்நிலையையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தையல் பிரிந்திருக்கிறதா, பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டிருக்கிறதா, விரலால் மெல்லத் தொட்டாலே இழை உதிர்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டுத் துணிகளில் இரும்பு உப்பு சேர்த்துச் சாயமேற்றிய பழுப்பும் கறுப்பும் மற்ற நிறங்களுக்கு முன்பே இற்றுப்போகும். அக்காலப் பட்டில் எடை கூட்ட உலோக உப்பு ஏற்றும் வழக்கம் இருந்தது. அந்தப் பட்டு மடிப்பிலேயே நொறுங்கும். இப்படிப்பட்ட போர்வையை எந்த ஸ்டாண்டிலும் தொங்கவிடக் கூடாது. அதைத் தட்டையாக வைப்பதுதான் நல்லது.

ஒரு கம்பு ஏன் போதாது

கடைகளில் கிடைக்கும் ஸ்டாண்டுகள் பலவற்றில் 20 மி.மீ. தடிமனுள்ள ஒற்றைக் கம்புதான் மேலே இருக்கும். எடையைத் தாங்க அது போதும். குயில்ட்டைக் கெடுப்பது எடையைவிட அந்த வளைவுதான். மெல்லிய கம்பின்மேல் துணி சட்டென்று வளைகிறது. ஆறு மடிப்பின் பாரமும் ஒரே கோட்டில் விழுகிறது. சில மாதங்களில் அந்தக் கோட்டில் இழைகள் முறியத் தொடங்கும். பிறகு எவ்வளவு நீவினாலும் கோடு போகாது.

ஆகவே இந்த வடிவில் மேலே 35 மி.மீ. விட்டமுள்ள இரண்டு உருளைக்கம்புகள், மையத்துக்கு மையம் 21 செ.மீ. தள்ளி நிற்கின்றன. போர்வை முதல் கம்பில் ஏறி, நடுவில் கிடையாகப் படுத்து, இரண்டாவது கம்பில் இறங்குகிறது. வளைவு இரண்டாகப் பிரிகிறது, பாரமும் பிரிகிறது. இந்த அளவுள்ள பருத்திக் குயில்ட் பொதுவாக 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். 35 மி.மீ. கடினமரக் கம்பு அந்த எடைக்கு அரை மில்லிமீட்டர்கூட தொய்யாது. கம்பின் தடிமன் பலத்துக்காக இல்லை, துணிக்காக. செலவைக் குறைக்க 25 மி.மீ. கம்பு போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மரம்

எல்லா மரமும் மெல்ல மெல்ல அமில ஆவியை வெளியிடும், முக்கியமாக அசெட்டிக் அமிலம். பருத்தி இழையின் செல்லுலோஸை அது உடைக்கிறது. துணி மஞ்சளாகி மொறுமொறுவென்று ஆகிறது. ஓக், சீடர், செஸ்ட்நட் ஆகியவை இதில் மோசமானவை. பூச்சி அண்டாது என்று சீடரைப் பலரும் விரும்புகிறார்கள். அதன் எண்ணெய் துணியில் கறையாக இறங்கும் என்பதால் தவிர்த்துவிடுங்கள். மேப்பிள், பிர்ச், பாப்லர் போன்றவை மிதமானவை. பைன் எடுத்தால் கணு இல்லாத துண்டாகப் பாருங்கள். கணுவிலிருந்து பிசின் வருடக்கணக்கில் கசியும். எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), சாதாரண ப்ளைவுட் இரண்டும் வேண்டாம். அவற்றை ஒட்டியிருக்கும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளியேறும்.

ஈரம் காய்ந்த மரமாக வாங்கி, ஸ்டாண்டு நிற்கப்போகும் அறையிலேயே பத்து, பதினைந்து நாள் கிடத்தி வையுங்கள். தரையில் அடுக்காமல், இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்தவர்களின் பலகைதான் துளையிட்ட பிறகு முறுக்கிக்கொள்கிறது.

வெட்ட வேண்டிய துண்டுகள்:

- நிற்கும் கால் பலகை: 2 துண்டு, 70 செ.மீ. நீளம், 90 × 30 மி.மீ.
- தலைக்கட்டை (காலின் மேல்முனையில் கிடையாக அமர்ந்து கம்புகளைத் தாங்குவது): 2 துண்டு, 30 செ.மீ., 70 × 30 மி.மீ.
- அடிக்கட்டை (காலின் கீழே தரையில் அமர்வது): 2 துண்டு, 42 செ.மீ., 70 × 30 மி.மீ.
- கால்களை இணைக்கும் பலகை: 1 துண்டு, 84 செ.மீ., 90 × 22 மி.மீ.
- உருளைக்கம்பு: 2 துண்டு, 35 மி.மீ. விட்டம், 86.8 செ.மீ.
- மர முளைக்குச்சி (இரு துண்டுகளின் துளைகளில் இறங்கி அவற்றை இணைக்கும் சிறு குச்சி): 10 மி.மீ. தடிமன், 50 மி.மீ. நீளத்தில் 12 எண்ணம்; 8 மி.மீ. தடிமன், 40 மி.மீ. நீளத்தில் 4 எண்ணம்
- துருப்பிடிக்காத எஃகு போல்ட்: எம்6 × 80 மி.மீ., 2, அதற்கு வாஷரும், பக்கவாட்டில் திருகு துளையுள்ள உருளை நட்டும் 2
- துருப்பிடிக்காத ஸ்க்ரூ: 3.5 × 30 மி.மீ., 2

எல்லாப் பலகையிலும் 15 செ.மீ. கூடுதலாக வாங்குங்கள். முனை வெடிப்பும், சோதனைத் துண்டும் அதில்தான் கழியும். சாதாரண இரும்பு ஆணியோ ஸ்க்ரூவோ எங்கும் போடாதீர்கள். துரு துணிக்கு இறங்கினால் அது கறையோடு நிற்காது, இழையையே தின்றுவிடும்.

கருவிகளில் ரம்பம், மூலைமட்டம், டிரில், கொட்டாப்புளி, குறைந்தது இரண்டு 100 செ.மீ. கிளாம்ப், 35 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட் (தட்டையான அடியுள்ள அகலத் துளை போடும் பிட்) ஆகியவை கட்டாயம். அலமாரிக் கதவுக்குள் பதியும் கீலுக்குத் துளை போடும் பிட்டும் இதே 35 மி.மீ.தான், அதனால் கம்பின் விட்டத்தை 35 என்று வைத்துக்கொள்வது வசதி. 10, 8, 7 மி.மீ. பிட்டுகளும், முளை மையத்தைக் குறிக்கும் கூர்முனை உலோகப் பொத்தான்களும் தேவை.

குறிப்பதில்தான் பாதி வேலை

புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இரண்டு இடது பக்கச் சட்டம் செய்துவிடுவது. தலைக்கட்டைகளில் கம்பு இறங்கும் துளை ஊடுருவாது, உள்பக்கத்தில் மட்டும் இருக்கும். ஆகவே இடமும் வலமும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பிம்பம். மேல்விளிம்பு, உள்பக்கம் இரண்டையும் பென்சிலால் ஒவ்வொரு துண்டிலும் குறியுங்கள். பிறகு இரு தலைக்கட்டைகளையும் உள்பக்கம் மேலே தெரியும்படி அருகருகே கிடத்தி, மூலைமட்டம் வைத்து ஒரே கோடாக இரண்டிலும் இழுத்துவிடுங்கள். தனித்தனியே அளந்தால் ஒரு மில்லிமீட்டராவது மாறும். அந்த மாற்றம் கடைசியில் கம்புகளைக் கோணலாகக் காட்டும்.

தலைக்கட்டையில் துளை மையம்: ஒவ்வொரு முனையிலிருந்தும் 4.5 செ.மீ., மேல்விளிம்பிலிருந்து 3.5 செ.மீ. கால் பலகை அதன் நடுவில், 10.5க்கும் 19.5க்கும் இடையே வந்து முட்டும். அடிக்கட்டையில் அது 16.5க்கும் 25.5க்கும் இடையே நிற்கும்.

இணைக்கும் பலகையின் மையம் கால் பலகையில் கீழ்முனையிலிருந்து 17.5 செ.மீ. உயரத்தில், அகலத்தின் நடுவில். அதற்கு மேலும் கீழும் 3 செ.மீ. தள்ளி இரண்டு புள்ளிகள் குறியுங்கள், 8 மி.மீ. முளைகளுக்கான இடம் அவை.

துளையிடுதல்

முதலில் வீண் துண்டில் 35 மி.மீ. துளை போட்டு, வாங்கிய கம்பைச் செருகிப் பாருங்கள். 35 என்று விற்கும் கம்பு உண்மையில் 34.6 ஆகவும் இருக்கும், 35.5 ஆகவும் இருக்கும். கையால் தள்ளினால் இறங்கி, தானாகக் கழலாமல் நிற்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் கம்பின் கடைசி 15 மி.மீ. நீளத்தை மட்டும் உப்புத்தாளால் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். கொட்டி இறக்கலாம் என்று நினைக்க வேண்டாம். தலைக்கட்டையின் முனைப்பக்கம் நார் ஓட்டத்தோடு பிளந்துவிடும்.

துளையின் ஆழம் சரியாக 15 மி.மீ. பிட்டில் நிறநாடா சுற்றிக் குறி வையுங்கள். ஃபோர்ஸ்ட்னர் பிட்டின் நடுமுனை துளைக்கும் கீழே சில மில்லிமீட்டர் நீளும், அதையும் கணக்கில் எடுங்கள். 30 மி.மீ. பலகையில் பாதி ஆழம் என்பதால் மறுபக்கம் வெளியே வராது. வேகத்தைக் குறைத்து, அடிக்கடி பிட்டை வெளியே எடுத்துச் சீவலைத் தள்ளுங்கள். புகை வந்தால் வேகம் அதிகம், அல்லது பிட் மழுங்கிவிட்டது.

ஒவ்வொரு கால் முனையிலும் 10 மி.மீ. துளைகள் மூன்று: விளிம்பிலிருந்து 1.5, 4.5, 7.5 செ.மீ. தூரத்தில், 26 மி.மீ. ஆழத்தில். முளை பாதிப் பாதியாக இருபுறமும் 25 மி.மீ. இறங்கும், மீதி ஒரு மில்லிமீட்டர் பசை ஒதுங்கிக்கொள்ள. இந்த இடம் இல்லையென்றால் பசை பிஸ்டன்போல் அழுத்தப்பட்டு இணைப்பு மூடாமல் நிற்கும், சிலசமயம் பலகையே வெடிக்கும். கூர்முனைப் பொத்தான்களைத் துளையில் வைத்து எதிர்த்துண்டை அழுத்தினால் மறுபக்க மையங்கள் தானே பதியும்.

இணைப்புப் பலகைக்குக் கால் பலகையின் மையத்தில் 7 மி.மீ. துளை, ஊடுருவி. வெளிப்பக்கம் சிலாம்பு எகிறாமல் இருக்க அடியில் வீண் பலகை வைத்து கிளாம்ப் போடுங்கள். மேலும் கீழுமாக 8 மி.மீ. துளைகள், கால் பலகையில் 16 மி.மீ., இணைப்புப் பலகை முனையில் 26 மி.மீ. ஆழம். முனையின் நடுவில் 7 மி.மீ. துளை 55 மி.மீ. ஆழத்துக்கு. முனையிலிருந்து 40 மி.மீ. தள்ளி, பலகையின் ஒரு பக்கத்திலிருந்து உருளை நட்டு நுழையும் துளை. அதன் ஆழம், நட்டின் திருகு துளை பலகைத் தடிமனின் நடுவில் வந்து நிற்கும்படி. இந்தத் துளையை முதலில் வீண் துண்டில் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். 2 மி.மீ. தவறினாலும் போல்ட் நட்டைக் கண்டுபிடிக்காது.

ஸ்க்ரூவையே நேராகப் பலகை முனையில் இறக்கினால் என்ன என்று கேட்கலாம். முனைப்பக்க நாரில் ஸ்க்ரூ சரியாகப் பிடிக்காது. இரண்டு, மூன்று முறை ஸ்டாண்டை நகர்த்தினால் தளர்ந்துவிடும். ஸ்டாண்டு ஆடாமல் நிற்பது முழுக்க இந்த 9 செ.மீ. உயரப் பலகையின் தயவில்தான். மேலே உள்ள உருளைக்கம்புகள் அந்த ஆட்டத்தைத் தடுக்க மாட்டா.

ஒட்டுதல்

பசையில்லாமல் எல்லாவற்றையும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் முளைத் துளையின் ஆழத்தைச் சந்தேகியுங்கள், அதை முதலில் சரிசெய்யுங்கள்.

பசை போடுவது தலைக்கட்டை, கால், அடிக்கட்டை சேரும் நான்கு இடங்களில் மட்டும். வெள்ளை மரப் பசையை முளையிலும் துளைச் சுவரிலும் மெல்லத் தடவி, கொட்டாப்புளியால் தட்டி இறக்கி, தலைக்கும் அடிக்கும் குறுக்கே நீளக் கிளாம்பால் இறுக்குங்கள். கிளாம்ப் மையத்தில் இருக்க வேண்டும். ஓரத்தில் இருந்தால் சட்டம் அந்தப் பக்கம் சாயும். மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு தலைக்கட்டையின் மேல் ஒரு நேர்க்குச்சி, அடிக்கட்டையின் மேல் ஒன்று என்று வைத்து, ஒரு கண்ணை மூடி ஒன்றின் மேல் ஒன்றாகப் பாருங்கள். இரண்டும் இணையாக இல்லையென்றால் சட்டம் முறுக்கியிருக்கிறது. பசை காயும் முன் திருத்தலாம், காய்ந்தபின் முடியாது. வழிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். அங்கே பசை காய்ந்துவிட்டால் பிற்பாடு பூசும் பூச்சு அந்த இடத்தில் ஒட்டாமல் வெளுத்துத் தெரியும். கிளாம்பை ஒரு மணி நேரத்தில் எடுக்கலாம், ஆனால் 24 மணி நேரம் பாரம் ஏற்ற வேண்டாம்.

அடிக்கட்டையின் கீழ்விளிம்பில் நடுவே 26 செ.மீ. நீளத்துக்கு 3 மி.மீ. ஆழம் வெட்டி எடுத்துவிடுங்கள். நேராக விட்டால் தரையின் சின்ன மேடு நடுவில் முட்டி ஸ்டாண்டு ஊஞ்சலாடும். முனைகளில் மட்டும் நின்றால் அந்தத் தொல்லை இல்லை.

உருளைக்கம்பு, இணைப்புப் பலகை இரண்டுக்கும் பசை வேண்டாம். கம்பின் நீளத்தில் 2 மி.மீ. குறைத்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு: போல்ட்டை இறுக்கும்போது இணைப்புப் பலகைதான் முதலில் கால்களில் முட்ட வேண்டும். கம்பு நீளமாக இருந்தால் அது முட்டிக்கொண்டு, பலகை மூடாமல், எவ்வளவு இறுக்கினாலும் ஸ்டாண்டு ஆடும். இப்படிச் செய்தால் வீடு மாறும்போது இரண்டு பக்கச் சட்டம், ஒரு இணைப்புப் பலகை என மூன்று துண்டுகளாகவும் இரண்டு கம்புகளாகவும் கழற்றி எடுத்துப்போகவும் முடியும்.

உப்புத்தாளும் பூச்சும்

பூச்சுக்கு முன் 120, 180, 220 எண் உப்புத்தாளால் வரிசையாக, நார் ஓட்டத்தோடு தேயுங்கள். விளிம்புகள் எல்லாவற்றையும் 3 மி.மீ. அளவுக்கு உருட்டுங்கள். கைவிரலை நம்பாதீர்கள். பழைய நைலான் காலுறையைக் கையில் மாட்டி ஒவ்வொரு இடத்திலும் தடவுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே சிலாம்பு இருக்கிறது. போர்வையின் தையலும் அதே இடத்தில்தான் மாட்டும்.

தண்ணீர் அடிப்படையிலான பாலியூரிதீன் பூச்சுதான் இந்த வேலைக்குச் சரி. முதலில் ஈரத்துணியால் மரத்தை ஒருமுறை துடைத்து, காய்ந்ததும் எழும் நாரை 220 தாளால் லேசாக நீக்குங்கள்; இல்லையென்றால் முதல் பூச்சு சொரசொரப்பாகிவிடும். மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் டப்பாவில் சொன்ன நேரம் காயவிட்டு, 320 தாளால் மெல்ல ஒரு தடவல். கம்பு முனையின் 15 மி.மீ. மேல் நாடா ஒட்டி மறைத்துவிடுங்கள். பூச்சின் தடிமனால் துளைக்குள் இறங்காமல் போகும்.

ஆளிவிதை எண்ணெய், மெழுகு இரண்டும் வேண்டாம். எண்ணெய் முழுவதும் இறுக வாரக்கணக்கில் ஆகும், துணிக்கு மஞ்சளாக ஏறும். அந்த எண்ணெயில் நனைந்த துணிக் கந்தல் சுருட்டி வைத்தால் தானே தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

தொடும்போது காய்ந்திருப்பதும் உள்ளே காய்ந்திருப்பதும் வேறு வேறு. நான்கு வாரம் காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். பிறகு வெள்ளைப் பருத்தித் துணியைக் கம்பில் இறுகச் சுற்றி ஒரு வாரம் கழித்து அவிழ்த்துப் பாருங்கள். மஞ்சளோ வாசனையோ துணியில் இருந்தால் இன்னும் காத்திருங்கள்.

கம்புக்கு உறை

எந்தப் பூச்சும் அமில ஆவியை முழுதாக நிறுத்தாது. அதனால் துணி படும் இரண்டு கம்புகளுக்கும் உறை போட்டாக வேண்டும். முதல் அடுக்கு: பூச்சில்லாத தெளிவான பாலியஸ்டர் தாள், 83 × 23 செ.மீ., கம்பைச் சுற்றி இரண்டு சுற்று. ஒட்டுநாடா தாளின் உள்பக்கத்தில் இருக்கட்டும், போர்வைப் பக்கம் வர வேண்டாம். பி.வி.சி. தாள் வேண்டவே வேண்டாம், அது நாளடைவில் அமிலம் கக்கும்.

இரண்டாவது அடுக்கு: வெளுக்காத பருத்தித் துணி, 85 × 14 செ.மீ. கஞ்சியும் பூச்சும் போக வெந்நீரில் இரண்டு முறை, மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல் துவையுங்கள். கம்பின் சுற்றளவு 11 செ.மீ.; தையலுக்கு இருபுறமும் ஒரு செ.மீ. விட்டாலும் செருகக் கொஞ்சம் தளர்வு இருக்கும். தையல் கம்பின் அடிப்பக்கம் வரும்படி மாட்டுங்கள். சாதாரணச் சாயத் துணியில் உறை தைத்தால் ஈரக்காலத்தில் அதன் நிறம் குயில்ட்டில் ஏறிவிடும்.

உறை போட்டபின் ஒரு பக்கத் தலைக்கட்டையின் அடியிலிருந்து 2.5 மி.மீ. துளை போட்டு, ஒவ்வொரு கம்புக்கும் ஒரு ஸ்க்ரூ இறக்குங்கள். கம்பு உருளாது. மறுமுனையை விட்டுவிடுங்கள்.

போர்வையைப் போடுவது, நிறுத்துவது

போர்வையைப் போட இருவர் இருந்தால் நல்லது. கைகளைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். மடிப்புக்குள் அமிலமற்ற மெல்லிய தாளைக் கசக்கிச் சுருட்டி வையுங்கள், துணி கத்திமுனையாக மடியாமல் உருண்டு வளையும். மடிப்பு தையல் கோட்டின் மேல் விழாமல் சற்றுத் தள்ளி இருக்கட்டும். போர்வையின் இரு முனையும் தரையிலிருந்து ஏறக்குறைய 35 செ.மீ. உயரத்தில் நிற்கும், துடைப்பமும் வீட்டுப் பிராணிகளும் எட்டாது.

வெளிச்சம் செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போவது, ஓய்வு கொடுத்தாலும் திரும்பாது. அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் விடுவதில்லை. மேகமூட்டமான நாளில்கூட சன்னல் அருகே அதைவிடப் பல மடங்கு இருக்கும். ஆகவே சன்னலுக்கு எதிர்ச்சுவரில் வைக்காமல், சன்னல் இருக்கும் சுவரிலேயே மூலையில் வையுங்கள். சமையலறைச் சுவர், ஹீட்டர், ஏ.சி. காற்று நேராகப் படும் இடம், வெளிச்சுவரின் ஈரம் எல்லாம் தவிர்க்க வேண்டியவை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போர்வையை எடுத்து, முழுவதும் விரித்துப் பார்த்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று ஓரங்களை ஆராய்ந்து, வேறு இடத்தில் மடிப்பு வரும்படி திருப்பிப் போடுங்கள். அகலத்தை இம்முறை மூன்றாக மடித்திருந்தால் அடுத்த முறை மடிப்புகளை 5 செ.மீ. நகர்த்துங்கள். அந்துருண்டையைத் துணிமேல் போடாதீர்கள். தூசியை உதறுவதும் வேண்டாம். வாக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய வலை கட்டி, மிகக் குறைந்த இழுவையில், துணியில் படாமல் மேலாக ஓட்டுங்கள். ஸ்டாண்டின் போல்ட்டுகளையும் அன்றே ஒரு சுற்று இறுக்கிவிடலாம். பருவம் மாறும்போது மரம் சுருங்கி அவை சற்றுத் தளர்ந்திருக்கும்.